ஒரே கப்பலில் போவதாகத்தான் இருந்தது

நானும் அண்ணனும் சேர்ந்து ஒரே ஒரு தடவைதான் கப்பலில் போயிருக்கிறோம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பில் பள்ளிக்கூட முகாமிலிருந்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், வடக்கே காங்கேசன்துறைக்குப் புறப்பட நின்ற சரக்குக் கப்பலில் விட்டார்கள். எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்து நான்கு. சீமெந்துத் தூள் படிந்த தளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அடுத்த வருடம் அண்ணன் லண்டனுக்குப் போனார். "இந்த மண்ணிலை இனிக் கால் வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அம்மாவின் செத்த வீட்டுக்கும் வரவில்லை.

நான் கொழும்புக்குத் திரும்பி வந்து வெள்ளவத்தையில் குடியேறினேன். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அண்ணன் இந்தக் கப்பல் கதையைத் தொடங்கினார்.

"நீ சிங்கப்பூருக்கு வா. நான் இஞ்சையிருந்து வாறன். அங்கையிருந்து ஐஞ்சு நாள் சொகுசுக் கப்பல். நாலு பேரும் ஒண்டாய்ப் போவம். இந்த முறை டிக்கெட் எடுத்து."

கடைசி வசனத்துக்கு அவரே சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகு வந்தது.

என் மனைவி கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய அப்பா கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சொகுசுக் கப்பல் என்றதும், "கப்பல்னா சாமான் ஏத்துறது, இறக்குறது. அதுக்குள்ள போய் யாராவது அஞ்சு நாள் இருப்பாங்களா?" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவள் என் அண்ணனை நேரில் கண்டதில்லை. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, "கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெட்டை எங்களுக்குச் சரிவராது" என்று லண்டனிலிருந்து நாலு பக்கக் கடிதம் எழுதியவர் அவர். அந்தக் கடிதத்தை அவள் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

கப்பல் விஷயத்தில் அண்ணன் தன்னை ஒரு பேராசிரியராகவே கருதினார். இருக்கிறதிலேயே மலிவான, ஜன்னல் இல்லாத அறையை எடுக்க வேண்டும். அதையும் அறை நம்பர் கேட்காமல், கம்பனி எதைத் தந்தாலும் சரி என்று எடுக்க வேண்டும். நல்ல அறைகள் விற்காமல் மிஞ்சினால், எங்களைப் போன்றவர்களைத் தூக்கி மேலே போடுவார்கள். "அப்கிரேட் எண்டு சொல்லுறது இதைத்தான். நாங்கள் சும்மா இருக்க வேணும், அது தானாய் வரும்" என்றார். ஞானம் கிடைப்பதைப் பற்றிச் சாமியார்கள் பேசுவதும் இப்படித்தான்.

காலி வீதியில் இருக்கும் பயண முகவர் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை கணினியைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், உங்கட அண்ணாட புக்கிங் நம்பரைத் தாங்க. ரெண்டையும் லிங்க் பண்ணிவிடுறேன். அப்பதான் பக்கத்து பக்கத்து அறை தருவாங்க" என்றாள்.

நான் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவர் பதறிவிட்டார். "விசரே உனக்கு? ரெண்டையும் சேத்தால் அவங்கள் ரெண்டு நல்ல அறை ஒண்டாய்த் தேட வேணும். கிடைக்காது. தனித்தனியாய் இருந்தால்தான் அப்கிரேட் வரும்."

உள்ளே போய், சேர்க்க வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி அங்கிள்" என்றாள்.

அதன் பிறகு என் காலைப் பொழுதுகள் மாறின. எழும்பியதும் மெயிலைப் பார்ப்பேன். கம்பனி வாரத்துக்கு ஒரு தரம் எழுதும்: இவ்வளவு கூடத் தருகிறேன் என்று நீங்களே ஒரு விலை சொல்லுங்கள், ஜன்னல் கிடைக்கலாம், பல்கனியும் கிடைக்கலாம். நாங்கள் போடும் விலைக்குப் பக்கத்தில், கிடைக்குமா என்று காட்ட மீற்றர் மாதிரி ஒரு சின்ன ஊசி இருக்கும். நான் குறைந்த விலையைப் போட்டால் ஊசி சிவப்பில் போய் விழும். மனைவி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு ஊசி எங்க நிக்குது?"

"சிவப்பிலை."

"ஜன்னல் இல்லாட்டி என்ன? தூங்குறதுக்குத்தானே அறை."

இதற்கிடையில் அண்ணனுக்கு ஒரு அப்கிரேட் வந்தது. சும்மா இருந்து பெற்ற ஜன்னல். இரண்டு நாள் கழித்து அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அறையின் படத்தைத் தேடிப் பார்த்தாராம். ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு ஒன்று தொங்குகிறது. "எண்டாலும் வெளிச்சம் வரும்" என்றார். நான் வருத்தம் தெரிவித்தேன். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் என்னைத் தம்பி என்று யாரும் மதிக்க மாட்டார்கள்.

பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு காலை பத்து மணிக்கு வேறு மாதிரியான மெயில் வந்தது. கப்பலில் இருக்கும் இடத்துக்கு மேலாகப் பதிவாகிவிட்டது. நீங்கள் மனமுவந்து வேறு பயணத்துக்கு மாறினால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம். மூன்று வாரம் பிந்திய பயணம், பல்கனி அறை, கட்டிய காசில் கால்வாசி திரும்பி வரும். இடங்கள் குறைவு, முந்துபவருக்கே முதலிடம்.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். லண்டனில் அப்போது விடியவில்லை, அவர் எடுக்கவில்லை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். நான் தனியே இருந்து யோசித்தேன். இதே மெயில் அண்ணனுக்கும் வந்திருக்கும். உயிர்காப்புப் படகைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவர் பல்கனியை விடுவாரா? அவர் எழும்பியதும் ஓம் என்ற பொத்தானை அமத்துவார். அதற்குள் எனக்கு இடம் போய்விட்டால்? கீழே நாலு பக்கத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்ற கட்டத்தைத் தொட்டு, ஓம் என்று அமத்தினேன்.

மனைவி கீரைப் பையோடு வந்து கதையைக் கேட்டாள். "அண்ணாகிட்ட கேட்டீங்களா?"

"அவர் நித்திரை."

"அப்ப எழும்பும் வரைக்கும் இருந்திருக்கலாமே" என்றுவிட்டு, கீரையைக் கழுவப் போய்விட்டாள்.

பின்னேரம் அண்ணன் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு குதூகலம்.

"டேய், நான் ஒரு வேலை பாத்திருக்கிறன்!"

"நானும்தான் அண்ணை."

"எனக்குத் தெரியும், நீயும் எடுத்திருப்பாய். எப்பிடி? இருக்க ஒரு அறை, படுக்க ஒரு அறை, குளிக்கத் தொட்டி! டுபாயிலையிருந்து சிங்கப்பூருக்குப் பத்து நாள். விலை கூடேல்லை."

"டுபாயோ? எனக்குச் சிங்கப்பூர்தானே அண்ணை. அதே கப்பல். மூண்டு கிழமை பிந்தி."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பிறகு அண்ணன் மெதுவாக, "கேளாமல் ஏனடா அமத்தினாய்?" என்றார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

மறுநாள் நான் முகவர் கந்தோர் திறக்கும்போதே வாசலில் நின்றேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "ஒருக்கா ஓம் சொன்னா மாத்தேலாது அங்கிள். மூணாம் பக்கத்தில இருக்கு. லண்டன் ஆக்களுக்குக் கிட்டவா டுபாய் குடுத்திருக்காங்க, உங்களுக்குச் சிங்கப்பூர். லிங்க் பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்டுதான் வந்திருக்கும்" என்றாள். நான் அப்போதே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்கு உறுதியை வரி வரியாக வாசித்துக் காட்டி, "விளங்கினால் மட்டும் கையெழுத்து வையுங்கோ" என்று சொன்னவன் நான். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இரண்டு கிழமை நானும் அண்ணனும் கதைக்கவில்லை. பிறகு அண்ணி தங்கள் கப்பலின் பயண விவரத்தை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆறாம் நாளைப் பாருங்கோ." பார்த்தேன். ஆறாம் நாள், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, கொழும்பு.

குளியல் தொட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த அண்ணன், துறைமுகங்களின் பட்டியலை வாசிக்கவில்லை.

உடனே கூப்பிட்டேன். "நான் இறங்க மாட்டன்" என்றார் அண்ணன். "கப்பல் நிண்டால் நிக்கட்டும். நான் அறைக்குள்ளை இருப்பன்."

"சரி அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

மனைவி மட்டும், "இறங்குவார், பாருங்க" என்றாள்.

அண்ணனின் கப்பல் கொழும்புக்கு வந்த அன்றைக்கு விடியவே நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவளுடைய தங்கை வீடு துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம். தங்கை சாவியைத் தந்துவிட்டு வேலைக்குப் போனாள். மனைவி நண்டுக் குழம்பு வைத்து, கணவாய் பொரித்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு என்னோடு துறைமுக வாசலுக்கு வந்தாள். உள்ளே விட மாட்டார்கள். மதிலுக்கு மேலே கப்பலின் மேல்தட்டுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. காவலாளி ஒருவர் வந்து, "மெத்தன இன்ன பே, மாத்தயா" என்று எங்களை விரட்டப் பார்த்தார். மனைவி சிங்களத்தில் தன் அப்பா எந்தப் பகுதியில் கிரேன் ஓட்டினார் என்று சொல்ல, அவர் நிழலில் இரண்டு கதிரை போட்டுத் தந்தார்.

பத்து மணியளவில் அண்ணி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தனியே வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு, "அவர் வரேல்லை. பல்கனியிலை இருந்து கோப்பி குடிக்கிறார்" என்றார்.

நான் எடுத்தேன், அண்ணன் போனைத் தூக்கவில்லை. அண்ணியின் போனிலிருந்து எடுத்தபோது தூக்கினார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, நான்தான் கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெட்டை."

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். "நண்டுக் குழம்பு வச்சிருக்கேன். வந்தா சாப்பிடலாம். வராட்டி நாங்க மூணு பேரும் சாப்பிடுறோம். கப்பல்ல இருந்து இந்த வாசலுக்கு எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியும். எங்கப்பா தினம் நடந்த தூரம். அவருக்கு முழங்கால் வருத்தமும் இருந்திச்சு."

போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் அண்ணன் வந்தார். அரைக் காற்சட்டை, கழுத்தில் கப்பல் அட்டை, ஊதிப்போன முகம். வாசற் கம்பிக்கு உட்பக்கம் வந்து நின்றுவிட்டார். நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நாற்பது வருடத்துச் சபதம் அல்லவா? பின்னால் சுற்றுலாக்காரர்கள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றார்கள். காவலாளி, "யன்ன யன்ன, மாத்தயா" என்று முதுகில் கை வைத்து அவரை வெளியே அனுப்பினார். சபதம் அப்படித்தான் முடிந்தது.

என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "உன்ரை தலைமயிர் எல்லாம் எங்கையடா?"

சாப்பாட்டு மேசையில் அவர் நண்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தார். மனைவி கேளாமலே மூன்றாம் தரமும் போட்டாள். கை கழுவிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர், நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிட்டார்.

"எழுப்பவா?" என்றேன்.

"விடுங்கோ" என்றார் அண்ணி. "ஏறின நாளிலையிருந்து அவருக்கு நித்திரையே இல்லை. மெத்தை நல்ல மெத்தைதான்."

ஐந்து நாள் இருந்து கதைக்கலாம் என்று திட்டம் போட்டவர்கள் நாங்கள். கிடைத்த ஆறு மணித்தியாலத்தில் இரண்டரை மணித்தியாலத்தை அவர் தூங்கினார். பெண்கள் இருவரும் பின்பக்கம் இருந்து ஓயாமல் கதைத்தார்கள். நான் எதிர்க் கதிரையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சரக்குக் கப்பலில் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க விழித்திருந்தது இவர்தான். இப்போது இவர் தூங்கட்டும், நான் இருக்கிறேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை அவருக்கு இன்றைக்கும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் துடித்து எழும்பினார். "வெள்ளவத்தையை ஒருக்காக் காட்டு."

நாலரைக்குக் கப்பலில் இருக்க வேண்டும், முடியாது என்று மூவரும் சொன்னோம். கேட்கவில்லை. அவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டி புறப்பட்டது. காலி வீதியில் கொள்ளுப்பிட்டியோடு வாகனங்கள் அசையாமல் நின்றன. அண்ணன் தலையை வெளியே நீட்டி, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் கழித்து, "திருப்பு" என்றார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அவர் பார்த்த காலி வீதி அவ்வளவுதான்.

துறைமுக வாசலில் மனைவியும் அண்ணியும் காத்து நின்றார்கள். அண்ணன் மனைவிக்கு முன்னால் நின்று, "பிள்ளை, நான் அப்ப ஒரு கடிதம்…" என்று தொடங்கினார்.

"அது கிடக்கட்டும். ஓடுங்க, கப்பல் போயிரும்" என்று நண்டுக் குழம்பு அடைத்த போத்தல் ஒன்றை அவர் கையில் திணித்தாள். அந்தப் போத்தலைக் கப்பலுக்குள் விடவில்லை என்று பிறகு அறிந்தோம்.

எங்கள் முறையும் வந்தது. சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். பல்கனி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை. முதல் நாள் மனைவி துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கிரேன் என்ன தூக்கும், ஓட்டுகிறவர் மேலே ஏறினால் சாப்பாட்டுக்கு எப்படி இறங்குவார் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பல்கனியில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ன சொல்கிறாள் என்று விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். மற்ற நாலு நாளும் காலையில் அவர் ஒரு கேள்வியோடு காத்திருப்பார்.

வீட்டுக்கு வந்த கிழமை அண்ணன் கூப்பிட்டார். தை மாதம் விமானத்தில் கொழும்புக்கு வருகிறாராம், இரண்டு கிழமை. டிக்கெட் எடுத்தாயிற்று. திகதி மாற்றவும் முடியாது, காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்ற வகை டிக்கெட்.

"ஏன் அண்ணை அதை எடுத்தனீங்கள்?"

"அதுதானடா மலிவு" என்றார்.