மற்றொருவர் வெளியூர்க் கூலி

கீழப்பழுவூரில் ஒரு துக்க வீட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. பந்தலடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்குப் பங்காளி முறையாகும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கப்பாரு ஓடிப்போகலைண்ணே. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில மண்ணு மூடிடுச்சுன்னு எங்கய்யா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார். அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அப்பா இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், கடலை பறிப்பு முடிந்த கையோடு கூலி வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊர் சொன்னது, அப்பா நம்பினார். பள்ளிச் சான்றிதழில் இருந்த இன்ஷியலைத் தன் கையெழுத்தில் அவர் போட்டதே இல்லை. எப்போதாவது சொல்ல நேர்ந்தால் 'அந்த ஆளு' என்பார். அதற்கு மேல் வார்த்தை தடிக்கும்.

அன்று பெரம்பலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே, "நீ டீச்சரு. எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்கல்ல, பாரேன்" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது.

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய், பழைய ஆவணங்கள் இருக்கும் ஒரு நூலகத்தில் உட்கார்ந்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தில் எங்கள் ஊரே ஒரு வரிதான். வீடுகள் இத்தனை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. வீடு வீடாக எழுதிய தாள்களைக் கேட்டபோது, "அதெல்லாம் கூட்டி முடிச்சதும் கழிச்சிருப்பாங்கம்மா" என்றார் நூலகர். எங்கள் தெருவுக்குத் தனி வரிகூட இல்லை. ஊர்க் கோயிலுக்குள் எங்களை விடாத காலத்தில், கூட்டலில் மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செய்தித்தாள்கள். தொட்டால் உதிரும் தாள்களை நாள் நாளாகப் புரட்டினேன். வியாபார விளம்பரங்கள், மழைச் செய்திகள், யார் யாருடைய கல்யாணமோ. விடுமுறை முடியும் சமயத்தில், ஒரு பக்கத்தின் அடிமூலையில் ஐந்து வரி கிடைத்தது. அரியலூர் அருகே சுண்ணாம்புக்கல் குழியில் மண் சரிந்து இருவர் மாண்டனர். ஒருவர் உள்ளூர்க்காரர், அவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் இருந்தன. "மற்றொருவர் வெளியூர்க் கூலி. பெயர் தெரியவில்லை."

ஊருக்கு வந்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பேரு போடலியா?"

"இல்லப்பா."

"வயசு?"

"அதுவும் இல்ல. வெளியூருன்னு மட்டும்தான்."

வருஷம் ஒத்துப்போனது, மாதமும் ஏறக்குறைய ஒத்துப்போனது. அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

"அவராவும் இருக்கலாம்" என்றார் அப்பா. அவர் வாயில் அந்த 'அவர்' வந்து நான் கேட்டதில்லை. பிறகு, "அவரா இருந்தா, நான் இத்தன வருஷம் ஏசுனதையெல்லாம் எங்க கொண்டு போய் வைக்கிறது? அவரு இல்லன்னா, யாரு பெத்த புள்ளைக்கோல்ல நான் அழுதுக்கிட்டிருக்கேன்?" என்றார். அப்போதுதான் அவர் அழுவதைக் கவனித்தேன். அவர்தான்ப்பா, நிச்சயமாக அவர்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஊர் நிச்சயமாகச் சொன்ன ஒன்றை நம்பித்தான் அவருடைய ஆயுசு போனது. நானும் ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைத் தேடிப் போனேன். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பெரும் பள்ளம், சுற்றிலும் கம்பிவேலி. பச்சை நிறத்தில் தண்ணீர் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "இங்க எத்தனையோ குழி இருக்கு தாயி. நீ எதைக் கேக்குற?" என்றார். எனக்குத் தெரியவில்லை. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் சாய்த்துக் காட்டி, "எந்தப் பக்கம் சரிஞ்சுதாம்?" என்று கேட்டார்.

"அது போடலப்பா" என்றேன்.

அவர் போனைத் திருப்பித் தரவில்லை.