இலைமேல் விரிந்த கை

போன மாதம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பரிமாறுகிறவர் நெய்த் தூக்கோடு வந்தார். எதிர் வரிசையில் ஒருவர் இலைமேல் கையை விரித்து, "போதுங்க" என்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். பாதி இலையை மறைத்துவிட்ட கை. கூடைப்பந்தை மேலிருந்து ஒற்றைக் கையால் கவ்வித் தூக்கும் கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. சண்முகம், எங்கள் கல்லூரி அணியின் கேப்டன். அவன் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது முப்பத்தைந்து வருஷம் தாமதமாக வந்த சொல்.

நான் ஆட்டக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து என்னைத் தொட்டதெல்லாம் மூக்கில்தான். ஆனால் ரசிகன் என்றால் அப்படியொரு ரசிகன். காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் போய் நிற்பேன். கத்திக் கத்திக் குரல் கட்டி, வாய்மொழித் தேர்வில் ஊமை போல நின்று தோற்றிருக்கிறேன். நான் கத்தாவிட்டால் அணி தோற்றுவிடும் என்று மனதார நம்பினேன். நான் கத்தியும் பலமுறை தோற்றார்கள் என்பது கணக்கிலேயே வராது.

அந்தக் காலத்தில் கோயமுத்தூர் மில்கள் சிலவற்றுக்குச் சொந்தமாகவே கூடைப்பந்து அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு ஆபீசில் ஒரு மேசை, சாயங்காலம் மைதானம். அந்த வருஷம் எங்கள் கல்லூரியில் நடந்த போட்டிக்கு ஒரு மில்லின் மேனேஜர் வருவதாக இருந்தது. ஜெயிக்கிற அணியின் கேப்டனுக்கு வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார். சண்முகத்தின் அப்பா அதற்குள் வாழைத் தோட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். ஜெயித்தால் பந்து, தோற்றால் வாழை. அவ்வளவுதான் அவன் முன்னால் இருந்தது.

இறுதி ஆட்டம் சாயங்காலம் நான்கு மணிக்கு. எதிரணி மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. விடுதிச் சாப்பாட்டில் அந்தப் பையன்கள் வாடிப்போயிருப்பதாக நான் வீட்டில் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஊர் உட்டு ஊர் வந்த புள்ளைங்கள இப்புடியா காயப்போடறது? ரெண்டு பக்கத்துப் பசங்களையும் மத்தியானம் ஊட்டுக்குக் கூட்டியா கண்ணு," என்றார் அம்மா.

எங்கள் வீடு கல்லூரிக்குப் பின்தெரு. இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், நாட்டுக்கோழிக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு, கடைசியில் ஒப்புட்டு, அதாவது பூரணம் வைத்த போளி. நெய் ஊற்றும் பொறுப்பு எனக்கு. அணிக்காக நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று பெருமையோடு ஊற்றினேன். இப்போதும் ஒப்புட்டின்மேல் சூடான நெய் விழும் வாசனை வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுவதில்லை.

மதுரைப் பையன்களுக்குப் பின்னால் அவர்களுடைய பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதனால் எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டு, இலையைக் கையால் மறைத்து, "போதும்மா" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "ஏனுங்க கண்ணு, நம்ம சமையலு புடிக்கலீங்களா?" என்று அவர் கேட்டபோது குரலே மாறிவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் எப்படி இலையை மூடுவார்கள்? பரிமாற வருகிறவரைப் பார்த்துப் போதும் என்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய வசவு. சண்முகம்தான் ஆரம்பித்தான். "எனக்கு வெய்யிங்கம்மா." அம்மா மலர்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் இலையை நீட்டினார்கள். மதுரைக்காரர்கள் வேண்டாம் என்ற ஒப்புட்டும் எங்கள் அணிக்குள்ளேதான் போனது. எங்கள் பயிற்சியாளர் தடுத்திருக்கலாம். அவர் மூன்றாவது ஒப்புட்டில் இருந்தார்.

ஆட்டத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. முதல் பாதி எங்களுடையது. இரண்டாம் பாதியில் ஒப்புட்டு ஆட ஆரம்பித்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து சண்முகத்தின் கையில், முன்னால் ஆளே இல்லை. ஓடினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். வளையத்துக்குக் கீழே போய் எழும்பினான், கால் தரையைவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் கிளம்பியது. பந்து வளையத்தின் அடிப்பக்கம் இடித்துத் திரும்பியது. மதுரைப் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு வந்த வழியே பறந்து, மறுமுனையில் போட்டுவிட்டான். விசில். சண்முகம் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தான். மேனேஜர் எழுந்துபோய் மதுரைக் கேப்டனின் கையைக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா நெய்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சொன்னார்: "நான் அப்பவே நெனச்சேன். அந்தப் பையன் கடைசி ஒப்புட்டப் பாதியிலயே வெச்சுப்போட்டான். வயிறாரத் திங்காட்டி எப்புடிக் கண்ணு ஓட முடியும்?"

கல்யாணத்தில் பந்தி எழுவதற்குள் சண்முகத்துக்குப் பக்கத்து இலைக்கு மாறி உட்கார்ந்துவிட்டேன்.

"போதுங்கறத எப்ப மாப்ள கத்துக்கிட்ட?"

"சக்கரை டாக்டரு சொல்லிக் குடுத்தாரு," என்று சிரித்தான்.

எனக்கு அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. நெய் ஊற்றியவன் நான்தானே. "அந்த மில்ல எப்பவோ இழுத்து மூடிட்டாங்க. இப்ப அடுக்குமாடி ஊடு. போயிருந்தீன்னா நடுத்தெருவுலதான் நின்னிருப்பே. நம்ம காலேஜு மைதானத்துலயும் இப்பக் காரு நிறுத்தறாங்க."

எங்கம்மா போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். அவன் இலையில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"மில்லு வேலை கெடக்குது உடு மாப்ள," என்றான். "அம்மா சாப்பாட்டையும் நான் ஒருநாளும் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஊருக்கு வந்தப்பறம் பந்தத் தொடவே இல்ல. தோட்டத்துக்குள்ள ஆருகூட ஆடறது?"

அதற்குள் ஒப்புட்டு வந்தது. "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்றார் பரிமாறுகிறவர். சண்முகம் மறுபடியும் கையை விரித்து மறைத்தான். அவர் என் இலையில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவன் கையை எடுக்கவில்லை. விரல்கள் அகல விரிந்து, நடுவில் கொஞ்சம் குழிந்து, பந்தைக் கவ்வுகிற மாதிரியே இருந்தது.