வெள்ளிமலை பஸ்ஸில் போன தங்கை

போன வருடம், என் நாற்பத்து மூன்றாம் வயதில், சேலத்தில் ஒரு டாக்டரம்மா எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னார். மனசு ஓரிடத்தில் நிற்காது, நின்றுவிட்டால் கூப்பிட்டாலும் வராது, பிறவியிலேயே மூளை அப்படி, சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை என்று விளக்கினார். அதற்கு முன்னால் சின்ன வயதில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். அடுப்பில் பாலைப் பொங்கவிட்ட கதை ஒன்றைச் சொல்லி முடித்திருக்கலாம். ஏனோ, முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் புகைந்துபோய், உள்ளே கருகிய செம்புக் கம்பியை எடுத்துப் புதிதாகக் காயில் கட்ட, கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் கொடுத்திருந்தார் அப்பா. வேலை முடிந்ததா என்று பார்த்துவர அவர் கிளம்பியபோது நாங்கள் இருவரும் அடம்பிடித்துக் கூடவே போனோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, தங்கையின் கையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பத்து நிமிஷத்துல வந்துடுறேன். பாப்பா கைய மட்டும் வுட்றாத."

நானும் இறுக்கமாகத்தான் பிடித்துக்கொண்டேன். எதிரே, மலைக்குப் போகும் பஸ்கள் நிற்கும் இடத்தில், ஒருவர் தகரப் பலகையில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் பலகை, கறுப்புப் பெயின்ட். வெள்ளிமலை என்பதன் 'ள்' வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு, பிரஷ்ஷைத் தூக்காமல் ஒரே இழுப்பில் சுழித்து இறக்கினார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் கடைசி எழுத்தையும் முடித்துப் பிரஷ்ஷைத் துடைக்க எழுந்தபோது, என் கை மடியில் காலியாகக் கிடந்தது.

பெஞ்சை விட்டு எழுந்து தேடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார்.

"பாப்பா எங்க?"

"தெரியலப்பா."

எப்போது போனாள் என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் அடிக்கவில்லை. அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஓடினார். கொய்யாப்பழம் விற்றவள்தான் சொன்னாள்: கூடையில் கோழி வைத்திருந்த ஒரு பொம்பளைக்குப் பின்னால் சின்னப் பிள்ளை ஒன்று மலை பஸ்ஸில் ஏறியது, அந்தப் பொம்பளையின் பிள்ளை என்றே இவள் நினைத்தாளாம். அந்த பஸ் போய் அரைமணி ஆகியிருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விசாரித்தார். நான் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டே வந்தேன். மலைப்பாதையில் ஒரு வளைவில், பள்ளத்தில் மேகத்தின் நிழல் மரங்கள்மேல் நகர்ந்து போவதைப் பார்த்தேன். அது எதிர்ச்சரிவில் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுதலைப் பாதியில் விட்டது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தங்கை காணாமல் போன நாளிலேயே அவளை மறந்துவிட்டேன். என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது அன்றுதான் முதல்முறை.

வெள்ளிமலையில் பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்து டீக்கடையில், அந்தப் பெண்ணின் மடியில் கோழியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தங்கை.

"எறங்குறப்பத்தான் பாத்தேன்ணா, எம் முந்தானியப் புடிச்சிக்கினு நிக்குது" என்றாள் அந்தப் பெண். "தேடிக்கினு வருவீங்கன்னுதான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

அவள் ஊருக்கு அங்கிருந்து இன்னும் காட்டுவழியே நடக்க வேண்டுமாம். அப்பா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தங்கை கோழியை விட்டு வர மாட்டேன் என்று அழுததுதான் அன்றைக்கு அவள் அழுத ஒரே அழுகை.

மலையிலிருந்து இறங்கினோம். வீடு சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வாசலிலேயே நின்ற அம்மா, இன்னா ஆச்சி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பாப்பா கைய வுட்டுட்டேன். மல பஸ்ல ஏறிப் போயிட்டா" என்றார் அப்பா. "என் தப்புதான்."

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையை வாங்கி இடுப்பில் இருத்திக்கொண்டாள்.

"காயில் கட்டுறத வேடிக்க பாத்துக்கினு நின்னுட்டீங்களா?"

அப்பா தலை குனிந்திருந்தார்.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

அம்மா தங்கையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கால் கழுவப் போனவர், வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியருகிலேயே நின்றார்.

அப்பா எனக்காகப் பொய் சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டார் என்றே நான் நம்பியிருந்தேன். பள்ளியிலும் பிறகு வேலையிலும் எதையாவது கோட்டைவிட்டுத் திட்டு வாங்கும்போதெல்லாம் அதை நினைத்து ஆறுதல் அடைந்திருக்கிறேன். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்தினேன். பத்து நிமிஷம் என்று போனவர் ஒரு மணி நேரம் காயில் கட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் உறைத்தது.

அன்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவளுக்கு, அப்பா சொன்னது பொய்யில்லை என்று தெரியாது.