நூல் கட்டிய மாதுளை

1991. கல்யாணமான புதிது. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பக்கத்து ஊரில் வாடகைக்கு ஒரு அறை. பின்னால் வீட்டுக்காரம்மாவின் மாதுளை மரம். மாமியார், நாத்தனார் யாருமில்லாத அந்த ஒற்றை அறையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரம்மா மரத்தடியில் நின்று கத்தினார். காய்களில் ஓட்டை. அது போதாதென்று, ஓட்டை விழுந்த காய்களின் காம்பை மெல்லிய வெள்ளை நூல் கிளையோடு சேர்த்துச் சுற்றியிருந்தது.

"நீ வந்தப்புறம்தாம்மா இதெல்லாம். செய்வினை வெக்கிற வேலை என் வூட்ல வேணாம். மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓட்டைக் காய் ஒன்றைக் காம்போடு ஒடித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன். உள்ளே இருப்பது யாரென்று பார்த்துவிட வேண்டும்.

"புழுவ சாட்சிக்குக் கூப்புடப் போறியா? நான் வேற வூடு பாக்கறேன்" என்றார் கணவர்.

சில நாளில் குண்டுப் புழு ஒன்று வெளியே வந்து, காம்பில் ஒட்டிக் கூட்டுப்புழுவானது. உற்றுப் பார்த்தால், அதன் இடுப்பில் அதே வெள்ளை நூல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடியோடு ஓடினேன்.

"புழு எங்கியாச்சும் நூல் சுத்துமா?" என்று வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஒரு மத்தியானம் கூடு வெடித்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மாவும் வந்துவிட்டார். கசங்கிய துணி மாதிரி வெளியே வந்த பட்டாம்பூச்சி எங்கள் கண்ணெதிரே விரிந்தது. இறக்கையைத் திறந்தால் பளபளக்கும் ஊதா நீலம், மூடினால் வெறும் சாம்பல். பின்பக்கம் முடி போல ஒரு வால், அதனருகே கறுப்புப் பொட்டு. இறக்கை காயும்வரை இருவரும் ஜாடி முன்னால் குந்தியிருந்தோம்.

"தல இந்தப் பக்கம் கீது. மீச ஆடுது பாரு."

"அது வாலு, அக்கா. தல அந்தப் பக்கம்."

அவர் ஒப்பவில்லை. துணியை அவிழ்த்தேன். அவர் சொன்ன தலைக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பறந்து மரத்துக்குள் மறைந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இருவரும் அண்ணாந்தபடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

கணவர் சைக்கிளை நிறுத்தினார். "குன்றத்தூர்ல வூடு கெடச்சிடுச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டு வரவா?"

வீட்டுக்காரம்மா தலையைக்கூடத் தாழ்த்தவில்லை.

"இன்னாத்துக்கு வூடு? நீ ஒசரமா கீற தம்பி. அந்த நுனிக் கெளையில குந்திகினு கீதான்னு பாத்துச் சொல்லு."