அடி வாங்குறவ கத்த மாட்டா

செய்தி பிலோ அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. "பிலோமினா இன்று காலை காலமானார். அடக்கம் நாளை." நம் குழு அதற்கு என்ன பதில் சொன்னது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் அலறலைப் பதிவு செய்து அனுப்பினார். இன்னொருவர் சவப்பெட்டிப் படம் போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "அங்க சாப்பாடு எப்படிக்கா, உறைப்பு போடுறாங்களா?" என்று எழுதினேன். ஞாயிறுதோறும் கூட்டத்தைத் தொடங்கும்போது "நான் செத்து ரெண்டு மணி நேரமாச்சு, எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று கேட்கிற மனுஷி அவர். நாம் எதை நம்புவோம்? கொஞ்ச நேரத்தில் அவருடைய மகள் ஜெனிட்டா என்னைக் கூப்பிட்டாள். "வாணி ஆண்டி, அது விளையாட்டு இல்ல ஆண்டி. நான்தான் போட்டேன்." அப்புறம் அழுகை மட்டும்தான் கேட்டது.

உலு திராமில் பள்ளி வேன் ஓட்டுவதுதான் அக்காவின் தொழில். அன்று காலையும் பிள்ளைகளை எல்லாம் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டேரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. அவருக்கு அவ்வளவு அமைதியான சாவா என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. அவர் அமைதியாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் குழுவின் பெயர் 'மூணு மணிப் பேய்'. பேய்க்கதைப் புத்தகங்களை இணையத்தில் கூடி வாசிப்போம். பேய்க்கு நடுராத்திரிதானே ராசி, அதென்ன பட்டப்பகல் மூன்று மணி என்று எல்லோரும் கேலி செய்வார்கள். வேறு வழியில்லை. பாதிப் பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், விடிவதற்கு முன் எல்லைப் பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், ஆட்டுக்கறி தின்று, வீட்டு ஆண்கள் குறட்டை விடுகிற நேரம்தான் நமக்குக் கிடைத்தது. அக்கா கேமரா முன்னால் எலும்பைக் கடித்துக்கொண்டே கொலைக்காட்சியை வாசிப்பார். நமக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. கதையில் யாராவது அடிபடுகிற, வெட்டுப்படுகிற இடம் வந்தால் அக்கா, "மைக்கைத் திறங்க!" என்பார். உடனே எல்லோரும் சேர்ந்து அலற வேண்டும். தெப்ராவிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஆளாளுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு கத்துவோம். லாயாங் லாயாங்கில் இருக்கும் நம் ரயில்வே அண்ணனின் அலறலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை தடியோடு ஓடி வந்துவிட்டார்.

நான் அலறமாட்டேன். வாயை மட்டும் திறந்து மூடுவேன். கைப்பேசி அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். ஒரு காதில் இயர்போன் மாட்டி, அதைத் தலைமுடியால் மறைத்திருப்பேன். என் கணவன் பன்னீருக்கு நான் புத்தகம் படிப்பது பிடிக்காது. நான் சிரிப்பது பிடிக்காது. குழம்பில் உப்புக் கூடினால் கன்னத்தில் விழும், குறைந்தால் முதுகில் விழும். பல்லொன்று அப்படித்தான் போனது. இதை நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அக்கா எனக்குப் புத்தகம் கொடுக்க வேனிலேயே தெப்ராவுக்கு வந்தார். எங்கள் தாமான் குடியிருப்பின் வாசலில் வைத்து வாங்கிக்கொண்டேன். அவர் புத்தகத்தை நீட்டியபடி என் தாடையையே பார்த்தார்.

"என்னம்மா இது, வீங்கியிருக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டுதுக்கா."

"ஓ. எங்க வீட்டு பாத்ரூமும் அப்படித்தான் இருந்துச்சு. என் புருஷன் செத்தான், வழுக்கறது நின்னுருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டு நம்பரு என்ன? உன் ஆளு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். எதற்கு என்றேன். "கிறிஸ்மஸுக்குப் பலகாரம் அனுப்பத்தான்" என்றார். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் நம்முடைய விருந்தினராக வந்தார். அச்சுக்குப் போகாத தன் நாவலை வாரம் ஒரு அத்தியாயமாக நம்மோடு சேர்ந்து வாசிக்க ஒப்புக்கொண்டார். நல்ல கனத்த குரல் அவருக்கு. மனைவியை அடித்துக் கொன்ற ஒருவனை, செத்தவளின் குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் கதை. கொலை நடக்கிற அத்தியாயத்தில் அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்கு அலறுவாள். எல்லோரும் ஆகா ஓகோ என்றோம். அக்கா மட்டும் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அடி வாங்குறவ கத்த மாட்டா சார்."

"ஏம்மா? வலிக்குமே?"

"வலிக்கும்லா. ஆனா பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும்னு பயம் அதவிடப் பெருசு. பிள்ளை முழிச்சிக்கும்னு பயம். கத்துனா இன்னும் விழும்னு பயம். அடிக்கிறவன்தான் சார் கத்துவான்."

"அப்புறம் வாசகனுக்கு எப்படிம்மா கேட்கும்?"

"அது உங்க வேலை சார்" என்றார் அக்கா.

நான் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாரோ கூட்டத்தில் துணியை உருவி நிறுத்திவிட்டது போல இருந்தது. அக்காவின் மேல் அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வாரம் அதே அத்தியாயத்தை மறுபடி வாசித்தோம். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னீர் வெளியே போயிருந்தான், வழக்கமாக இருட்டிய பிறகுதான் வருவான். "மைக்கைத் திறங்க!" என்றார் அக்கா. அவன் இல்லாத தைரியத்தில் திறந்தேன். குழு மொத்தமும் அலறத் தொடங்கிய நேரம் அவன் அடுப்படி வாசலில் நின்றிருந்தான்.

"எவன்கூடடி பேசுற?" என்று கேட்டு அறைந்தான். அறைந்த அறையில் இயர்போன் கம்பியோடு பிய்ந்து வந்தது. அவ்வளவுதான், அத்தனை பேர் அலறலும் டிரம்முக்குப் பின்னாலிருந்து வீட்டுக்குள் கொட்டியது. அவன் திடுக்கிட்டு நின்றான். "யாரு? யாருடி வீட்ல?" என்று கத்திக்கொண்டே என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. நான் சொன்னது ஒன்றுதான்: "மெதுவா... பிள்ளை முழிச்சிக்கும்."

அது நம் எல்லோருக்கும் கேட்டது, இல்லையா? எழுத்தாளர் என்ன சொன்னார் என்பதும் நினைவிருக்கும். "அற்புதம்! இதுதான் எனக்கு வேணும்! வாணியம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க!" நீங்கள் கை தட்டினீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. வாராவாரம் பொய்யாகச் சாகிற கூட்டத்துக்கு நிஜச் சாவின் சத்தம் எப்படித் தெரியும்?

அக்காவுக்குத் தெரிந்தது. "எல்லாரும் வாயை மூடுங்க! சார், நீங்களும்தான்! அது வாசிப்பு இல்ல!" என்று ஒரு சத்தம் போட்டார். வீடு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் அக்கா கூப்பிட்டார்.

"பன்னீரு."

அவன் என் முடியை விட்டான்.

"பன்னீரு, அவ மேல இருந்து கைய எடு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவன் கறி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். திரையை இழுத்துக் குத்தினான். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. பெண்டாட்டியைப் புரட்டி எடுக்கிற அந்த வீரனுக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கத் தெரியாது, அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அக்கா வேன் கதவை அடிக்கும் சத்தமும் இன்ஜின் சத்தமும் கேட்டன. அதற்கு நடுவில் ஆணைகள். "ரயில்வே அண்ணே, போலீஸ்க்கு அடிங்க! வீட்டு நம்பரு குழுவுல போட்டுட்டேன். சார், நீங்க வாசிங்க. அந்தக் குரல் வர்ற பக்கத்த எடுங்க. அந்தக் கொலைகாரன் பேரு வர்ற எடத்துல எல்லாம் பன்னீருன்னு போட்டு வாசிங்க. நிறுத்தாதீங்க!"

எழுத்தாளர் வாசித்தார். எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த மனிதர், முகம் பார்க்காத ஒருத்தியின் உயிருக்காகத் தன் கதையை மாற்றி மாற்றி வாசித்தார். "பன்னீர், கதவைத் திற. பன்னீர், உன் கையில் இருப்பது என் ரத்தம்." அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தியைக் காற்றில் வீசினான். சில நிமிடங்கள் எனக்கு இப்படித்தான் கிடைத்தன. நம் குழு ஒருவனை உண்மையாகவே பயமுறுத்தியது அன்று ஒருநாள்தான்.

பிறகு டிரம்மை எட்டி உதைத்தான். அரிசியோடு கைப்பேசியும் வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் அவன் சிரித்தான். மிதித்து நொறுக்கினான். குரல் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். முக்காலியால் விலாவில் அடித்தான், உள்ளே ஏதோ முறிந்தது. கீழே விழுந்த என் கையைக் காலால் அழுத்திக்கொண்டு, கத்தியை என் கழுத்தில் வைத்தான். "இப்ப கூப்பிடு பாப்போம் உன் பேயை." நான் அப்போதும் கத்தவில்லை. மகள் இருக்கும் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வேன் ஹாரன் அலறியது. அக்கா கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். அடுத்த நொடி இரும்புக் கேட் கழன்று விழுகிற சத்தம். வேனாலேயே இடித்துவிட்டார். கையில் ஸ்டேரிங் பூட்டோடு உள்ளே வந்தார். அந்தக் கனத்த இரும்புத் தண்டைத் தூக்கி, ஒரு வார்த்தை பேசாமல், அவன் கத்தி பிடித்திருந்த மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி விழுவதற்குள் அக்காவின் காதிலிருந்து தாடைவரை ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தது. ரத்தம் சட்டையில் ஊற்றியது. அவர் அதைத் துடைக்கவில்லை. இரண்டாவது அடியை முழங்காலில் போட்டார். அவன் விழுந்து ஊளையிட்டான். அக்கா என்னைப் பார்த்து, "கேட்டியா? அடிக்கிறவன்தான் கத்துவான்" என்றார்.

அடித்தது சரியா தப்பா என்று பிறகு சிலர் குழுவிலேயே விவாதம் செய்தீர்கள். போலீஸ் பாலாயில் அதிகாரி கேட்டபோது அக்கா மழுப்பவில்லை. நான்தான் உடைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வரும் வழியில், "பேய்க்கதையில பேய் வர்ற வரைக்கும்தான் பயம். வீட்ல பேய் வந்ததுக்கப்புறம்தான் பயம்" என்று சொல்லிவிட்டுத் தன் முகத்துத் தையலைக் கண்ணாடியில் பார்த்துச் சலித்துக்கொண்டார். நானும் மகளும் அவர் வீட்டில்தான் தங்கினோம். மூச்சு விட்டால் விலா வலிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஜோக்கடிப்பார். பாவி மனுஷி.

எழுத்தாளர் நடந்ததை நாவலில் எழுதலாமா என்று கேட்டார். "என்ன ஏன் சார் கேக்குறீங்க? அவளக் கேளுங்க. அவ சரின்னா எழுதுங்க, இல்லன்னா பேயை மட்டும் எழுதுங்க" என்றார் அக்கா. நான் வேண்டாம் என்றேன். அவர் எழுதவில்லை. ஆனால் அந்த இரண்டு பக்க அலறலை எடுத்துவிட்டார்.

பன்னீர் சிறைக்குப் போனான், வெளியேயும் வந்தான். என்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. காகிதத்தை மதிக்கிற ஆளா அவன்? ஆனால் அக்காவின் வேன் வாசலில் நிற்கும்வரை அந்தத் தெருப்பக்கம் அவன் தலை தெரிந்ததில்லை.

அடக்கத்துக்கு அவன் வந்தான்.

நீங்கள் எல்லோரும் கோயில் வளாகத்தில் நின்றிருந்தீர்கள். பாதிப் பேரை நான் முதல்முறையாக முழு உடம்போடு பார்க்கிறேன். பெட்டியை வண்டியில் ஏற்றுகிறார்கள். என் தோளுக்குப் பின்னால் அவனுடைய வாசனை வந்தது, திரும்பாமலே தெரிந்தது. வளைந்து கூடிப்போன மணிக்கட்டோடு நின்றான். மெதுவாக, அன்பாகக்கூடச் சொன்னான். "அதான் அவ செத்துட்டால்ல. இனிமே உனக்கு யாரு இருக்கா? வா, வீட்டுக்குப் போலாம்."

பொய் சொல்லவில்லை, ஒரு கணம் அவன் பின்னால் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். பழக்கம் அப்படி. பெட்டியைப் பார்த்தேன். அது வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வாயைத் திறந்தேன்.

"இவன்தான் பன்னீரு! என் புருஷன்! என் பல்ல உடைச்சவன், விலாவ உடைச்சவன், கழுத்துல கத்தி வச்சவன்!"

பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் திரும்பினார். அவருக்கும் புரிய வேண்டுமே என்று, இவன்தான் என்னை அடித்தான் என்பதை மலாயிலும் கத்தினேன். "டியா புக்குல் சாயா! டியா!"

பன்னீரின் முகம் வெளுத்தது. "மெதுவா பேசுடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதான்டா கத்துறேன்!"

போலீஸ்காரர் நடந்து வருவதைப் பார்த்து அவன் ஓடினான். வாசலைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். ஜெனிட்டா வந்து என்னைக் கட்டிப்பிடித்த பிறகும் நிறுத்த முடியவில்லை.

அக்காவின் ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் ஆண்டி என்று ஜெனிட்டா மறுநாள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, சத்தமே வரவில்லை. தொண்டை கரகரத்துப் புண்ணாகிக் கிடந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், அக்காவின் சத்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று. ஆறிவிடும் என்கிறார்கள். நான் அதை ஆற விடப்போவதில்லை.