மெத்தில் என்று எனக்கு வைத்த பெயர்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. என்னைப் புதுப்பட்டினத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுப் போனாள். அங்கே ஏற்கெனவே பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அக்கா என்று நான்கு பேர். செங்கல்பட்டில் நல்ல ஹாஸ்டல் இருப்பதாகப் பெரியப்பா அவ்வப்போது பேச்செடுப்பார். அந்தப் பேச்சு வந்த நாளெல்லாம் நான் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டேன்.

அண்ணன் பிளஸ் ஒன் படித்தான். சேர்மங்களுக்கு விதிப்படி பெயர் வைக்கும் பாடம் அவனைப் படாதபாடு படுத்தியது. ஒருநாள், எனக்குச் சொல்லிக் கொடுத்தால் தனக்கு ஏறும் என்று எங்கள் குடும்பத்தையே கார்பன்களாக வரைந்தான். நான்கு பேரும் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். நான் மட்டும் பெரியம்மாவுக்குக் கீழே ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"நாங்க நாலு பேரு மெயின் செயின். நாலு கார்பன்னா பியூட்டேன். நீ ஒத்தக் கார்பன் கிளை. உம் பேரு மெத்தில்" என்றான்.

எனக்கு அழுகை முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் அவனுடைய வேதியியல் நோட்டை எடுத்தேன். எல்லாம் பென்சிலில் போட்ட படங்கள். பக்கத்துக்குப் பக்கம் கிளைகள். ஒவ்வொன்றையும் ரப்பரால் அழித்து, வரிசையின் கடைசியில் இடம் கொடுத்தேன். பெயர்களைத் தொடவில்லை, அவை பேனாவில் இருந்தன. பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் அண்ணன் வாடிப்போய் வந்தான். படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லையென்று வாத்தியார் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். பெரியம்மா நோட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது? யாரு இப்டி அழிச்சி வெச்சது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். செங்கல்பட்டு பஸ் என் கண்முன்னால் வந்து நின்றது.

"நான்தாம்மா. தூங்கிகினே போட்டுட்டேன்" என்றான் அண்ணன்.

முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டு, என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனான்.

"லூசு, கிளை எந்தப் பக்கம் கிட்ட கீதோ, அங்கேர்ந்துதான் நம்பரே போடணும். பேரு சொல்லசொல்லோ கிளைதான் மொதல்ல வரும். தெரியுமா?"

இன்னும் திட்டுகிறான் என்று நினைத்து, "இனிமே தொட மாட்டேண்ணா" என்றேன். அவன் தலையிலடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஹாஸ்டல் பேச்சு எப்போது நின்றது என்று நினைவில்லை. நான் பிளஸ் ஒன் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். வகுப்பில் அதே படம் வந்தது. விடையை எழுதினேன்: 2-மெத்தில்பியூட்டேன். அந்த நான்கு பேருக்கும் முன்னால் நான் இருந்தேன்.