நாய்ச் சங்கிலி

மாடிப்படியில் நாய்ச் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால், இந்த நாற்பது வயதிலும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். இன்று காலையும் கேட்டது. இத்தாலியில், ஒரேத்தோ பகுதியில், என் சின்ன வயதில் நாங்கள் இருந்த பழைய கட்டடம் கண்முன் வந்துவிட்டது.

அங்கே இரண்டாம் மாடியில் ஒரு முரடன் இருந்தான். எங்களைக் கண்டால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று மிரட்டுவான். எங்கள் வீடு அதற்கும் மேலே. அவன் கதவைத் தாண்டும்வரை, அடிச்சத்தம் கேட்காமலிருக்க, அப்பா சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஒரு ஒக்டோபரில், செபமாலை சொல்வதற்காக மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுரூபம், எங்கள் வீட்டுக்கு வரும் முறை வந்தது. வீட்டுக்கு வீடு பாடிக்கொண்டே சுமந்து போவதுதான் வழக்கம்.

"இண்டைக்குப் பாடாமல் ஏறுவம்," என்றார் அப்பா.

"மாதா முன்னால போறா. நீங்கள் என்னத்துக்குப் பயப்பிடுறியள்?" என்று சொல்லிவிட்டு, அம்மா இன்னும் உரக்கப் பாடினார்.

இரண்டாம் மாடியில் அவன் நாயோடு வழிமறித்து நின்றான். நான் அம்மாவின் சேலையைப் பிடித்தேன். அவர் சுரூபத்தை மார்போடு இறுக அணைத்துக்கொண்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. முடித்ததும், வழியில் எதிர்ப்படுபவருக்கும் சுமக்கக் கொடுக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, சுரூபத்தை அவனிடம் நீட்டினார்.

"பாரமாயிருக்கு. மேல வரைக்கும் பிடியுங்கோ," என்றார் அரைகுறை இத்தாலியனில்.

அவனும் மாதாவைக் கும்பிடுபவன்தான். சங்கிலியை விட்டுவிட்டு இரு கைகளாலும் ஏந்தினான். அவிழ்ந்த நாய் வாலை ஆட்டியபடி எங்களோடு மேலே ஏறியது.

இன்று சங்கிலிச் சத்தம் என் வாசலை நெருங்கியது. என் வாய் தானாகவே அம்மாவின் பாட்டைத் தொடங்கியிருந்தது. நாயோடு வருபவர் யாரானாலும் வரட்டுமென்று கதவை அகலத் திறந்தேன்.